பழைய வேனுக்குக் கூடுதல் பட்டை போடலாமா?

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஆம்னியில் தக்காளி ஏற்றும் விவசாயி ஒருவரின் கேள்வி: 'பின்பக்கம் தாழ்ந்து தரைதட்டுகிறது. மெக்கானிக் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை போடச் சொல்கிறார். வீட்டாரும் இதில்தான் போய்வருகிறோம். போடலாமா?'

வேண்டாம். பட்டை சேர்த்தால் வண்டி நிமிரும். பிரேக்கும் டயரும் அச்சும் பழைய பலத்தில்தான் இருக்கும். முதலில் பாரத்தைக் குறைக்கவும். பிறகு வெறும் வண்டியில் பட்டை விரிசல், ரப்பர் புஷ் தேய்மானம் பார்க்கவும். பட்டை அமுங்கிப்போயிருந்தால் அதே மாடலுக்கு உரியதை இரு பக்கமும் சேர்த்தே மாற்றவும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும். எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஆனால் அது குலுக்கலைத்தான் அடக்கும், பாரம் தாங்காது. காயலான் கடையில் கதவு வாங்கலாம், இவற்றை வாங்கக் கூடாது. யூ போல்ட்டும் புதிதாகப் போட்டு, சில நாள் ஓடியதும் மறுபடி இறுக்கச் சொல்லவும்.