பூண்டு கருகாதவரை

இரவு தாமதமாக வீடு திரும்பும் நேபிள்ஸ்வாசிக்குப் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் இருந்தால் போதும், ஸ்பகெட்டிக்கு சாஸ் ரெடி. 'ஆல்யோ எ ஓல்யோ' என்ற அதன் பெயருக்கு அர்த்தமே பூண்டும் எண்ணெயும் என்பதுதான்.

இருவருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி. 2 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் 20 கிராம் உப்பு சேர்த்து அதில் வேகவிட வேண்டும். வேகும் 8, 9 நிமிடத்துக்குள் மற்ற வேலை முடிந்துவிடும்.

5 பல் பூண்டை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, 4 மேஜைக்கரண்டி எண்ணெயில் போட்ட பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். எண்ணெய் காய்ந்ததும் தாளித்துப் பழகிய கைக்கு இது கஷ்டம்தான். ஆனால் சூடான எண்ணெயில் விழும் பூண்டு, மணம் இறங்குவதற்கு முன்பே ஓரம் கருகிவிடும். அந்தக் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது. கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே மேல். சிறு தீயில் வெளிர் பொன்னிறம் வந்ததும் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு இறக்கிவிடலாம்.

அடுத்தது, பலர் வடித்துக் கொட்டிவிடும் தண்ணீர். மாவுச்சத்து கரைந்த அந்தக் கஞ்சியை அரை கப் எடுத்து எண்ணெயில் ஊற்றி (தெறிக்கும், ஜாக்கிரதை), பதத்துக்குச் சற்று முன்பே எடுத்த ஸ்பகெட்டியையும் சேர்த்து, மீண்டும் அடுப்பில் வைத்து ஒரு நிமிடம் விடாமல் புரட்டினால், எண்ணெயும் நீரும் கலந்து இழைகளில் ஒட்டிக்கொள்ளும். இல்லையேல் எண்ணெய் தட்டின் அடியில் தேங்கும்.

கடைசியாக, பொடியாக நறுக்கிய பார்ஸ்லி ஒரு கைப்பிடி. கொத்துமல்லி அதற்கு உறவுதான், வாசனை வேறு. ஆறினால் எண்ணெய் பிரிந்துவிடும் என்பதால் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே மேஜைக்கு வந்துவிடுவது நல்லது.