கோப்பிக்கு ஏலக்காய்ப் பால்

2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா பக்கற் 790 ரூபாவானதும், அதற்கும் வரிசையில் நின்றதும் மறந்திருக்காது. ஹற்றன், நுவரெலியாப் பக்கம் அயலில் மாடு கறப்பவர்கள் இருக்கிறார்களே, கோப்பிக்கு ஊற்றும் வாசனைப் பாலை நாமே காய்ச்சலாம்.

ஒரு லீற்றர் பசும்பாலை அடிகனமான சட்டியில் பொங்கவிட்டு, 150 கிராம் சீனி, விரல்நீளக் கறுவாப்பட்டை, தட்டிய 4 ஏலக்காய் சேருங்கள். சிறு தீயில் கிளறிக்கொண்டே பாதியாக வற்றவிடுங்கள். வடிகட்டி ஆறவைத்து, கொதிநீரில் கழுவிய போத்தலில் ஊற்றுங்கள். ஒரு கோப்பைக்கு 2 மேசைக்கரண்டி போதும். பச்சை இஞ்சி போடவேண்டாம், பால் திரைந்துவிடும்.

குளிர்சாதனப் பெட்டியில் 3 நாள் இருக்கும். பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். மலைக்குளிரை நம்பி வெளியே வைக்காதீர்கள்.

இன்னொன்று. இந்த இனிப்புப் பாலைக் கைக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கவே கூடாது. வீட்டில் பால் குறைவென்றால், பிள்ளைகளின் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு மீதியில் செய்யுங்கள். மிஞ்சாவிட்டால் என்ன? நமக்குச் சாயத் தேத்தண்ணி இருக்கவே இருக்கிறது!