யார் செலவில் இந்தப் பசுமை? சுற்றுச்சூழல் அமைப்புகளின் கணக்கைப் படிப்பது பற்றி

கல்லூரியில் படிக்கும் தோழர்கள் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. கடற்கரையைச் சுத்தம் செய்யும், ஏரியைத் தூர்வாரும், குறுங்காடு வளர்க்கும் அமைப்புகளில் தன்னார்வலராகச் சேரலாமா? நன்கொடை கொடுக்கலாமா? அவர்கள் நேர்மையாக நடக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. ஆண்டறிக்கையை எடு. நிர்வாகச் செலவு குறைவாக இருக்கிறதா பார். எத்தனை டன் குப்பை அகற்றினார்கள், எத்தனை மரம் நட்டார்கள், ஒரு டன்னுக்கு என்ன செலவானது என்று பார். இவை தேவையான கேள்விகள்தான். ஆனால் நகரத்தைச் சுத்தம் செய்யும் வேலையே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருக்கும் ஒரு நாட்டில் இவை பாதிக் கணக்கையே காட்டும். யார் உழைத்தார்கள், என்ன கூலி பெற்றார்கள், யார் வீட்டை இழந்தார்கள் என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

முதலில் பணம் வரும் வழியைப் பார்ப்போம். நகரச் சுற்றுச்சூழல் பணிகளுக்கு இன்று பெரிய வாய்க்கால் சிஎஸ்ஆர் நிதி. 2013 கம்பெனிகள் சட்டத்தின்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கொடுப்பவர் நிறுவனம் என்றால் அறிக்கையும் நிறுவனத்துக்குப் பிடித்த மாதிரிதான் எழுதப்படும். படம் எடுக்க முடிந்தது, எண்ண முடிந்தது, ஒரு நிதியாண்டுக்குள் முடிந்தது ஆகியவையே வேலையாகக் கணக்கில் வரும். மரக்கன்று நடுவதை ஒரு காலைப்பொழுதில் படம் பிடித்துவிடலாம். நட்ட கன்றுக்கு மூன்று கோடை தண்ணீர் ஊற்றியவரின் கூலியை எந்த விளம்பரப் பலகையிலும் பார்க்க முடியாது.

அடுத்து, சேர்த்து வைத்திருக்கும் பணம். வரிவிலக்கு பெறும் அறக்கட்டளை பொதுவாக ஓராண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். அதற்குக் குறைவாகச் செலவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள வேண்டுமானால், என்ன நோக்கத்துக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே இருப்புநிலைக் குறிப்பில் வைப்புநிதி ஆண்டுக்காண்டு ஏறி, களப்பணிச் செலவு அப்படியே நின்றால், ஏன் என்று கேளுங்கள். வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்பு ஆண்டுதோறும் எஃப்சி-4 படிவம் தாக்கல் செய்கிறது. அதையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இனி நிர்வாகச் செலவு. இது குறைவாக இருந்தால் நல்ல அமைப்பு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. 2020-ல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக ஒன்றிய அரசு குறைத்தது. அதே திருத்தம், பெரிய அமைப்புகள் தாங்கள் பெற்ற வெளிநாட்டு நிதியைச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் தடுத்தது. தனியாக வெளிநாட்டு நிதி பெறும் பதிவு இல்லாத சிறு குழுக்களுக்கு இருந்த ஒரு வழி இப்படி அடைபட்டது.

ஓர் எடுத்துக்காட்டு யோசிப்போம். இரண்டு அமைப்புகள் ஒரே அளவு குப்பையை அகற்றுகின்றன. முதல் அமைப்பு, மேஸ்திரி மூலம் நாள்கூலிக்கு ஆள் பிடிக்கிறது. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, கையுறை முதல் நாளோடு சரி. இரண்டாவது அமைப்பு சம்பளப் பட்டியல் வைத்து, காப்பீடு கட்டி, காலணியும் கையுறையும் வாங்கிக் கொடுத்து, இதையெல்லாம் பார்த்துக்கொள்ள அலுவலகத்தில் ஒருவரை நியமிக்கிறது. நிர்வாகச் செலவு எதில் கூடும்? ஒரு டன்னுக்கான செலவு எதில் கூடும்? இரண்டுக்கும் பதில் இரண்டாவது அமைப்புதான். வழக்கமான அளவுகோல் முதல் அமைப்பைத்தான் சிக்கனமானது என்று பாராட்டும். அந்தச் சிக்கனம் ஒரு தொழிலாளியின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பது எந்தத் தணிக்கை அறிக்கையிலும் வராது.

விளைவுகளை அளப்பதிலும் இதே கோளாறு இருக்கிறது. சென்னையையே எடுத்துக்கொள்வோம். 2006-ல் அரசு அமைத்த அடையாறு பூங்கா அறக்கட்டளை, 2010-ல் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆனது. கூவம் சீரமைப்புக்கு இந்த அறக்கட்டளை ஒருங்கிணைக்க, பல துறைகள் சேர்ந்து செய்யும் திட்டத்துக்குச் சுமார் 604 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கரையோரத்திலிருந்து அகற்றப்பட வேண்டியவை என்று பட்டியலிடப்பட்ட குடும்பங்கள் 14 ஆயிரத்துக்கும் மேல். திட்டத்தின் முன்னேற்றத்தைச் சொல்லும்போது, அகற்றிய குப்பை, போட்ட வேலி, நட்ட செடி ஆகியவற்றின் வரிசையிலேயே மறுகுடியமர்த்திய குடும்பங்களின் எண்ணிக்கையும் வருகிறது. ஒரு குடும்பம் தன் வேலையையும் பள்ளியையும் அக்கம்பக்கத்தையும் இழந்தது செலவுப் பக்கத்தில் வரவில்லை. சாதனைப் பக்கத்தில் வருகிறது.

2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவில், சத்தியவாணி முத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றிய அமைச்சராகவும் இருந்த ஒரு தலித் தலைவியின் பெயர் தாங்கிய குடியிருப்பு அது. சென்ட்ரல் பக்கத்தில் வீட்டுவேலையும் சுமைவேலையும் பார்த்தவர்கள் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள். அன்றாடம் பேருந்துக்குப் போன காசு, போன நேரம், இடையில் நின்ற படிப்பு ஆகியவை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

சரி, ஆறாவது சுத்தமானதா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையில், ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்தில் பிஓடி அளவு லிட்டருக்கு 345 மில்லிகிராம். குளிக்கத் தகுந்த நீருக்கு இது 3-ஐத் தாண்டக் கூடாது. அந்த அறிக்கையில் இருந்த ஆறுகளிலேயே மிக மோசமான அளவு கூவத்துடையதுதான். காரணம் எல்லோருக்கும் தெரியும். நகரம் முழுவதும் இருந்து வரும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர். குடிசைகள் போயின, கழிவுநீர் போகவில்லை. ஆற்றின் நிலையை அளக்க வேண்டிய எண் தண்ணீரின் தரம். வேலியின் நீளமும் வெளியேற்றிய குடும்பங்களின் எண்ணிக்கையும் அதற்குப் பதிலாகிவிடாது.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்குப் புனே ஒரு சான்று. அங்கே 1993-ல் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் காகத் காச் பத்ரா காஷ்டகாரி பஞ்சாயத் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அந்தச் சங்கத்திலிருந்து பிறந்த ஸ்வச் கூட்டுறவு 2008-ல் புனே மாநகராட்சியுடன் ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை சேகரிக்கத் தொடங்கியது. வீட்டுக்காரர்கள் தரும் கட்டணம் தொழிலாளிக்கே போகிறது. தரம் பிரித்து விற்கும் பொருளின் வருமானமும் அவருக்கே. கூட்டுறவின் நிர்வாகக் குழுவிலும் குப்பை பொறுக்குபவர்கள் இருக்கிறார்கள்.

இதனால் விளைவு என்ற சொல்லின் பொருளே அங்கு மாறுகிறது. பயன்படுத்திய நாப்கினை வெறும் கையால் பிரிக்கும் அவலத்தை எதிர்த்து, 2013-ல் அந்தப் பெண்கள் நாப்கின்களை மூட்டை கட்டித் தயாரிப்பு நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். நாப்கினைச் சுற்றி எறிய உறை தர வேண்டும் என்பது 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இடம்பெற்றது. டன் கணக்கில் இதை எப்படி எழுதுவது? அந்த வேலையைச் செய்பவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருந்ததால்தான் இது பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது.

ஸ்வச்சையும் நாம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். வீட்டுக்காரர் கட்டணம் தராவிட்டால் நட்டம் தொழிலாளிக்கு. மாநகராட்சி நிரந்தரச் சம்பளம் தருவதில்லை. தலைமுறை தலைமுறையாக நம் மக்களிடம் தள்ளப்பட்ட தொழிலிலிருந்து அவர்களின் பிள்ளைகள் வெளியேறினார்களா என்பதும் விளைவுதான், அதையும் அளக்க வேண்டும். ஆனால் இந்தக் கேள்விகளை அங்குள்ள தொழிலாளியே கூட்டத்தில் எழுந்து கேட்க இடம் இருக்கிறது. வேறுபாடு அங்கேதான்.

ஆகவே தோழர்களே, ஓர் அமைப்பில் சேரும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. களத்தில் அழுக்கைத் தொடுபவர் யார்? அவர் சம்பளப் பட்டியலில் இருக்கிறாரா, ஒப்பந்தக்காரரின் ஆளா?
2. தன்னார்வலர்கள் படம் எடுத்துப் போன பிறகு, அந்த மூட்டைகளைத் தூக்கியவருக்கு அன்று கூடுதல் கூலி உண்டா?
3. அறங்காவலர் குழுவில் தலித்துகள், தூய்மைப் பணியாளர்கள், அந்தக் கரையில் வாழ்பவர்கள் எத்தனை பேர்?
4. சீரமைத்த இடத்தில் முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே?
5. நட்டதில் எத்தனை மரம் மூன்று ஆண்டுக்குப் பின் உயிரோடு நிற்கிறது? தண்ணீரின் தரம் முன்னும் பின்னும் என்ன?

அரசிடம் கணிசமாக நிதி பெறும் தொண்டு நிறுவனங்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2019 செப்டம்பரில் டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போதும். அதை எழுதப் பழகுங்கள்.

இப்படியெல்லாம் கேட்டால் அமைப்புகளை முடக்க நினைக்கும் அரசுக்கு நாமே ஆயுதம் கொடுத்தது ஆகாதா என்று சில நண்பர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. கணக்குக் கேட்பது என்ற பெயரில் கேள்வி கேட்கும் அமைப்புகளின் பதிவை ரத்து செய்வதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் மேலிருந்து மிரட்டக் கேட்கும் கணக்கும், கீழிருந்து பங்கு கேட்கும் கணக்கும் ஒன்றல்ல. கூலியையும் வீட்டையும் இழந்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை நன்கொடையாளருக்கு முன்பே வந்துவிடுகிறது. சுத்தமான ஆறும் மரநிழலும் நமக்கும் வேண்டும். குப்பைமேட்டுக்கும் சாக்கடைக்கும் பக்கத்தில் குடியமர்த்தப்பட்ட நமக்குத்தான் அவை முதலில் வேண்டும். அதனால்தான் அந்தப் பெயரில் செலவாகும் ஒவ்வொரு ரூபாயையும் நாம் கேட்கிறோம். இந்த ஐந்து கேள்விகளை நம் சொந்த அமைப்புகளின் ஆண்டறிக்கையோடும் வைத்துப் பாருங்கள்.