கருத்து வேறுபாட்டை எங்கே பேசுவது?

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று காலையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அன்று பிற்பகல் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு அருகே சிறிய விடுதியொன்றிலும் ஒரு குண்டு வெடித்து இருவர் பலியாகினர். அதை வெடிக்கச் செய்தவர் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உயர்கல்வி கற்றவர். மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் வழிகேட்டிலிருந்து பல்கலைக்கழகப் படிப்பு மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அரசு வேறு திசையில் பார்த்தது. 2021 மார்ச் மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மத்ரஸாக்கள் மூடப்படும் என்று பொறுப்பான அமைச்சர் அறிவித்தார். இறக்குமதியாகும் இஸ்லாமிய நூல்களுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவை என்ற நடைமுறையும் அதே மாதம் வந்தது. 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் கைதான இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 2023 டிசம்பரில்தான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்.

இந்த அநீதிகளை நாம் கண்டித்தோம். அது நமது கடமை. ஆனால் நமது வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மார்க்க விடயமொன்றில் சந்தேகம் கொண்ட ஓர் இளைஞனோ யுவதியோ அதை அச்சமின்றிக் கேட்பதற்கு எங்கே போவது? ஜும்ஆ குத்பாவில் கேள்வி கேட்க முடியாது. யூடியூபிலும் முகநூலிலும் உரக்கப் பேசுபவரே வெல்கிறார். எஞ்சியிருப்பது ஆய்வரங்கு.

நம்மிடம் கல்வி நிறுவனங்கள் இல்லாமலில்லை. நளீம் ஹாஜியார் 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். அதன் நீண்டகாலப் பணிப்பாளராக இருந்த கலாநிதி எம்.ஏ.எம். சுக்ரி பதிப்பித்த, இலங்கை முஸ்லிம்களின் தொன்மை பற்றிய ஆய்வுத் தொகுதி 1986இல் வெளிவந்தது. 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனியான பீடமே இருக்கிறது. சர்வதேச ஆய்வரங்குகளும் நடக்கின்றன.

ஆனாலும் ஆய்வரங்கு என்றதும் நமது நினைவுக்கு வருவது என்ன? நீண்ட வரவேற்புரை, பொன்னாடை, அவசரமாக வாசிக்கப்படும் கட்டுரைகள், ஐந்து நிமிடக் கேள்வி நேரம், சான்றிதழ், குழுப் படம். கட்டுரைத் தொகுதி பல்கலைக்கழக நூலகத்தில் தங்கிவிடுகிறது. சமூகத்தைப் பிளக்கும் கேள்விகள் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறுவது அரிது.

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இதற்கு நல்ல உதாரணம். 1951ஆம் ஆண்டின் அச்சட்டத்தைத் திருத்துவதற்கு 2009இல் நீதியரசர் ஸலீம் மர்சூப் தலைமையில் குழு நியமிக்கப்பட்டது. அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். ஒன்பது வருடங்களின் பின்னரும் அங்கத்தவர்கள் இரு அணிகளாகப் பிரிந்து இரு வேறு பரிந்துரைகளையே முன்வைத்தனர். அதற்குப் பிந்திய விவாதம் பெரும்பாலும் அறிக்கைகளிலும் வட்ஸ்அப் குழுக்களிலும்தான் நடந்தது. ஒரு தரப்புக்கு மறுதரப்பு மேற்கத்தேயக் கைக்கூலி. மறுதரப்புக்கு இவர்கள் பிற்போக்குவாதிகள்.

பெண் காழி விடயத்தையே எடுத்துக்கொள்வோம். பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படும் விடயங்களில் அவர் நீதிபதியாகலாம் என்பது ஹனபி மத்ஹபின் கருத்து. இப்னு ஜரீர் அத்தபரி அதை இன்னும் விரிவாக அனுமதித்ததாகப் பதிவாகியுள்ளது. ஷாபிஈ உள்ளிட்ட ஏனைய மத்ஹபுகள் அனுமதிப்பதில்லை. இந்த மூன்று நிலைப்பாடுகளையும் ஆதாரங்களுடன் ஒரே மேடையில் வைத்து, காழி நீதிமன்றத்துக்கு அலைந்த பெண்களும் கேட்டிருக்க முடிந்திருந்தால், முடிவு எதுவானாலும் அதற்கு ஒரு கண்ணியம் இருந்திருக்கும்.

இது மார்க்கத்துக்குப் புதியதல்ல. நாம் பின்பற்றும் இமாம் ஷாபிஈ, மதீனாவில் இமாம் மாலிக்கிடம் ஓதினார். ஈராக்கில் இமாம் அபூ ஹனீபாவின் மாணவர் முஹம்மத் அஷ்ஷைபானியிடமும் கற்று, அவருடன் விவாதமும் செய்தார். எகிப்துக்குச் சென்ற பின் தனது முன்னைய தீர்ப்புகள் பலவற்றை மாற்றிக்கொண்டார். பழைய கருத்து, புதிய கருத்து என இரண்டையும் நமது மத்ரஸாக்களில் இன்றும் ஓதிக் கொடுக்கிறார்கள். இமாமுக்கு இழுக்காகாத கருத்து மாற்றம் நமக்கு மட்டும் ஏன் இழுக்காகிறது?

செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரைக்கும் சாதாரண வாசகருக்குப் புரியும் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் வெளியிடலாம். மாற்றுக் கருத்துடையவரை அழைத்து, பதிலளிக்கப் போதிய நேரம் கொடுக்கலாம். மௌலவிகளும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் ஒருவர் மற்றவரின் மேடைக்குச் செல்லலாம். பெண் ஆய்வாளர்களைப் பெண்கள் அமர்வுக்குள் ஒதுக்காமல் பிரதான அமர்வில் பேச வைக்கலாம். ஒலுவிலிலும் பேருவளையிலும் வாசிக்கப்படும் கட்டுரை, தெஹிவளையின் ஒரு பள்ளிவாசல் மண்டபத்தில் இஷாவுக்குப் பின் மீண்டும் ஒருமுறை பேசப்படலாம்.

நூல்களுக்கு அரசு தடை போட்டபோது கருத்துச் சுதந்திரம் கேட்டவர்கள் நாம். அதே சுதந்திரத்தை நமக்குள்ளும் ஒருவருக்கொருவர் கொடுத்தால்தான் அந்தக் கோரிக்கைக்கு வலிமை வரும்.