குயத்தியாரும் வெப்ஸ்டரும்

ஜவ்வாது மலையடிவாரத்துக் கண்ணமங்கலம் போன்ற ஊர்களில் பழைய கிரயப் பத்திரம் எதையாவது பிரித்துப் பாருங்கள். ஒரு மனிதரை அடையாளம் சொல்ல ஊர், தகப்பனார் பெயர், சாதி, ஜீவனம் என்று நான்கு விவரம் எழுதியிருப்பார்கள். அந்த வீட்டுப் பேரப்பிள்ளை இன்று ஓரிரு இனிஷியலோடு கையெழுத்தை முடித்துவிடுகிறார். ஊரும் தகப்பனாரும் எழுத்துகளாகச் சுருங்கினார்கள். சாதி போனது, போகத்தான் வேண்டும். அதோடு ஒட்டிக்கொண்டு ஜீவனமும் போய்விட்டதே என்பதுதான் என் கவலை.

இங்கிலாந்தில் 1379ஆம் ஆண்டுத் தலைவரி ஏடுகளில் தொழிலே பெயராக நிற்பதைக் காணலாம். கொல்லர் ஸ்மித், தையற்காரர் டெய்லர். கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டு மிதித்து இறுக்குபவர் தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கே வாக்கர். வெப்ஸ்டர் என்பது முதலில் நெசவு செய்யும் பெண்ணைக் குறித்த சொல். பிறகு மகன் என்ன வேலைக்குப் போனாலும் தகப்பனின் தொழிற்பெயர் அவனுக்கு வந்தது. சில தலைமுறைகளில் பெயர் தொழிலை மறந்தது. இன்று அங்கே ஸ்மித்துகளே மிகுதி. உலைக்களம் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

நம்மிடம் இந்த வழக்கம் அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன்வேலை செய்தவர். வெண்ணிக் குயத்தியாரை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டவர் அவர். குயத்தி என்றால் மண்பாண்டம் வனையும் பெண். அவருடைய இயற்பெயர் நம் கைக்கு வரவில்லை. ஊரும் தொழிலும் மட்டும் வந்து, புறநானூற்றில் அரசனுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயர் இருக்கிறது. மன்னன் தன் பெயரையே தச்சரின் பட்டமாகக் கொடுத்திருக்கிறான்.

ஆனால் இங்கிலாந்தில் பெயரை விட்டுத் தொழில் கழன்றதுபோல இங்கே நடக்கவில்லை. தொழில் பிறப்போடு இறுகியது. மகன் வேறு வேலைக்குப் போக நினைத்தாலும் பெயர் அவனை இழுத்துப் பிடித்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் போட்டது. அந்த வெட்டு தேவையான வெட்டு. அதை முழு மனதோடு ஏற்கிறேன்.

வெட்டியது சாதியை. கைவேலையின் பெருமையை ஏன் இழக்க வேண்டும்? கண்ணமங்கலத்துக்குப் பக்கத்து ஊரான ஆரணியின் பட்டுக்குப் பெயர் இருக்கிறது. புடவைப் பெட்டியில் கடையின் பெயர் இருக்கிறது. பாவு பூட்டி, நாள்கணக்கில் தறிக்குழியில் கால் வைத்து நெய்தவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. புடவையின் உள்முனையில் ஒரு சிறு துணிச்சீட்டு போதும். அதில் ஊர், நெசவாளி என்ற சொல், அவருடைய சொந்தப் பெயர் மூன்றையும் சேர்த்துத் தைக்கட்டும்.