மூழ்காத பையும் திருகோணமலைத் துறைமுகமும்

1780 செப்டெம்பர் 3. நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் ‘மேர்க்கரி’ என்ற சிறு கப்பலைப் பிரித்தானியப் போர்க்கப்பலான ‘வெஸ்டல்’ மடக்கிப் பிடித்தது. அதில் பயணித்தவர் ஹென்றி லோரன்ஸ். ஒல்லாந்தில் கடன் திரட்டவும் உடன்படிக்கை பேசவும் அமெரிக்கக் காங்கிரஸ் அனுப்பிய தூதர். தப்ப வழியில்லை என்றானதும் கடிதங்களை ஒரு பையில் திணித்து, பாரத்துக்குக் குண்டுகளையும் போட்டுக் கடலில் வீசினார்கள். பைக்குள் சிக்கியிருந்த காற்று அதை மூழ்க விடவில்லை. பிரித்தானிய மாலுமிகள் கொக்கி போட்டு இழுத்தெடுத்தார்கள். லோரன்ஸ் இலண்டன் கோபுரச் சிறைக்குப் போனார்.

பையில் அகப்பட்டவற்றில் முக்கியமானது ஒரு வரைவு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வில்லியம் லீ என்ற அமெரிக்கரும் அம்ஸ்டர்டாம் வணிகர் ஒருவரும் தங்களுக்குள் எழுதி வைத்த உடன்படிக்கை வரைவு. எந்த அரசும் அதை ஏற்றிருக்கவில்லை. ஆனாலும் அதைக் காட்டியே 1780 டிசெம்பர் 20 அன்று பிரித்தானியா ஒல்லாந்தர்மீது போர் தொடுத்தது. காகிதம் வெறும் சாக்குத்தான். ஒல்லாந்து வணிகர் அமெரிக்கருக்கு வெடிமருந்து விற்றதும், ரஷ்யா கூட்டிய நடுநிலை நாடுகளின் அணியில் ஒல்லாந்து சேர முனைந்ததுமே உண்மையான கோபம். சாக்கானாலும் அதற்கான விலையில் ஒரு பங்கை, அப்போது ஒல்லாந்தர் வசமிருந்த திருகோணமலை செலுத்தியது.

1781 நவெம்பரில் ஒல்லாந்தரின் நாகப்பட்டினம் பிரித்தானியரிடம் விழுந்தது. அடுத்த ஜனவரியில் பிரித்தானிய அட்மிரல் எட்வர்ட் ஹியூஸின் கப்பல்கள் கொட்டியாறுக் குடாப் பக்கம் தலைகாட்டின. திருகோணமலையில் முதலில் இன்றைய பிரெட்ரிக் கோட்டையும், 11ஆம் திகதி ஒஸ்டன்பேர்க் கோட்டையும் விழுந்தன. ஏன் இந்த அவசரம்? மதராஸில் அப்போது துறைமுகமே கிடையாது, திறந்த கடற்கரைதான். வாடைக்காற்று கிளம்பினால் கப்பற்படை பம்பாய்க்கு ஓட வேண்டும். வங்கக் கடலில் எந்தக் காற்றுக்கும் அஞ்சாமல் பெரிய கப்பல்கள் ஒதுங்கி நிற்கத் திருகோணமலையை விட்டால் வேறு இடமில்லை.

கோட்டை கைக்கு வந்த சூட்டோடு, மதராஸ் ஆளுநர் மக்கார்ட்னியின் மடலோடு ஹியூ பொயிட் கண்டிக்குப் புறப்பட்டார். (‘ஜூனியஸ்’ என்ற புனைபெயரில் இலண்டனைக் கலக்கிய அரசியல் கடிதங்களை எழுதியவர் இவர்தான் என்று பின்னாளில் சிலர் சந்தேகித்ததுண்டு.) அப்போதுதான் அரியணை ஏறியிருந்த நாயக்கர் வம்சத்து இராஜாதி இராஜசிங்கன் எளிதில் மசியவில்லை. 1762இல் பைபஸ் என்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனித் தூதர் வந்து பேசிப் போனதோடு சரி, கம்பனி பிறகு எட்டிப் பார்க்கவில்லை. கண்டி அதை மறந்திருக்கவில்லை. உடன்படிக்கை வேண்டுமானால் கம்பனி ஆளுநர் அல்ல, இங்கிலாந்து மன்னரே எழுதட்டும் என்பதுதான் கிடைத்த பதில். பொயிட் வெறுங்கையோடு இறங்கி வந்தார். மதராஸுக்குத் திரும்பும் வழியில், அமெரிக்கரின் கூட்டாளியாகப் பிரித்தானியாவோடு போரிட்ட பிரெஞ்சுக்காரரிடமும் பிடிபட்டார். அந்தக் காலத்துக் கடிதப் போக்குவரத்தில், கீழே ஒப்பமிடுபவருக்கு வாக்குக் கொடுக்கும் அதிகாரம் உண்டா என்று கறாராகப் பார்த்தவர்களில் கண்டி மன்னரும் ஒருவர். இலங்கை வரலாற்றுப் பாடத்தில் இந்தச் சம்பவத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

அதே 1782 ஏப்ரல் 12 அன்று ஹியூஸும் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரெனும் இலங்கையின் கிழக்குக் கடலில் மோதினர். ஒரு வாரம் கழித்து, 19ஆம் திகதி, ஹேக் நகரில் ஜோன் அடம்ஸை அமெரிக்கத் தூதராக ஒல்லாந்து ஏற்றுக்கொண்டது. ஜூனில் அம்ஸ்டர்டாம் வங்கியாளர்கள் 50 இலட்சம் கில்டர் கடனும் கொடுத்தார்கள். ஓகஸ்ட் இறுதியில் சுஃப்ரென் திருகோணமலையைப் பிடித்தார். ஹியூஸ் வந்து சேர்ந்தபோது இரண்டு மூன்று நாள் பிந்திவிட்டது.

செய்தி கப்பலேறி வந்த காலம் அது. 1783 ஜனவரி 20 அன்றே வெர்சாயில் பிரான்சும் பிரித்தானியாவும் பூர்வாங்க சமாதானத்தில் ஒப்பமிட்டுவிட்டன. ஐந்து மாதம் கழித்து, ஜூன் 20 அன்று, அது தெரியாமலே கடலூருக்கு எதிரே இரு கடற்படைகளும் சுட்டுக்கொண்டு செத்தன.

அமெரிக்கத் தூதர்களோ அதற்கும் முன்பே, 1782 நவெம்பர் 30 அன்று, பிரான்சுக்குச் சொல்லாமலே பிரித்தானியாவோடு முடித்துக்கொண்டார்கள். கடன் கொடுத்த ஒல்லாந்து வரிசையின் கடைசியில் நின்று 1784 மே 20 அன்றுதான் இறுதி உடன்படிக்கை பெற்றது. திருகோணமலை மீண்டது, நாகப்பட்டினம் போனது. மீண்டதும் நிலைக்கவில்லை. பிரெஞ்சுப் படைக்கு அஞ்சி இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த ஒல்லாந்துத் தலைவர் ஐந்தாம் வில்லியம், குடியேற்றங்களைப் பிரித்தானியருக்குத் திறந்துவிடச் சொல்லி 1795இல் கியூ மாளிகையிலிருந்து கடிதம் எழுதினார். திருகோணமலைக் கோட்டை உடனே பணியவில்லை. முற்றுகைக்குப் பின், ஓகஸ்ட் 26 அன்று சரணடைந்தது. அடுத்து 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கேயே இருந்தது.

கடிதங்கள் அத்தோடு ஓயவில்லை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் மூல வாசகத்தைவிட, அன்றே ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்களே இந்த மாவட்டத்துக்கு நெருக்கமானவை. இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டுப் படைக்கும் திருகோணமலை தரப்படாது என்பதும், அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்கும் என்பதும் அவற்றில்தான் உள்ளன. 2022 ஜனவரியில் திருகோணமலையின் சீனக்குடாவிலுள்ள 99 எண்ணெய்க் குதங்களில் 61ஐக் கூட்டு நிறுவனத்துக்கு ஒதுக்கியதன் வேர் அங்கே இருக்கிறது. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றும் ஒப்பமானது. அதன் முழு வாசகம் தமிழிலும் சிங்களத்திலும் திருகோணமலைக் கச்சேரியில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். நிலம் எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, மீன்பிடிக்கு எந்தக் கரை மிஞ்சும் என்று சீனக்குடாவில் கேட்பவருக்கு அதைக் காட்டிப் பதில் சொல்லும் கடமை அதிகாரிகளுக்கு உண்டு.