மடமா, சங்கமா?

"சாதியா? இங்கயா? அதெல்லாம் அந்தக் காலங்க. இப்ப எல்லாரும் ஒரே பஸ்ல கம்பெனிக்குப் போறாங்க." வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பொய் சொல்பவனுக்கு உண்மை தெரியும். இவரோ உண்மையைத் தெரிந்துகொள்ளாமலே இருக்கப் பழகிவிட்டவர். உளவியல் இதை மறுப்பு என்கிறது.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைப் பார்த்து வளர்ந்த ஸ்டான்லி கோஹன் 2001இல் மறுப்பை மூன்றாகப் பிரித்து எழுதினார். நம் பேச்சில் சொன்னால்: 'நடக்கவே இல்ல', 'நடந்துச்சு, ஆனா அது வேற', 'நடந்தா இப்ப என்ன?'

2025 ஜூலையில் வல்லக்கோட்டை முருகன் கோயில் குடமுழுக்கின்போது, தன்னை மேலே செல்ல விடவில்லை என்று அப்போதைய காங்கிரஸ் மாநிலத் தலைவரும் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருமான செல்வப்பெருந்தகை சொன்னார். இது இரண்டாயிரம் ஆண்டுப் பிரச்சினை என்றார். ஒரு தலித் இப்படிச் சொன்னவுடன் ஊர் என்ன பேசும் என்று நமக்குத் தெரியாதா? கூட்டம் அதிகம், நேரமாயிடுச்சு, அவரு தப்பாப் புரிஞ்சிக்கிட்டாரு. முழுசாகக் கேட்பதற்கு முன்பே மறுக்கிற இந்த அவசரம்தான் சாதியின் மூச்சு. சாதி ஒரு மனநிலை என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதியதன் பொருள் இதுதான். எம்.எல்.ஏ.வின் பேச்சுக்கே இந்தக் கதி என்றால் காலனிப் பையனின் பேச்சு எங்கே ஏறும்?

தொழிற்சாலைக்குள் இந்த மறுப்பு வேறு சட்டை போட்டுக்கொள்கிறது. 'நாம எல்லாம் ஒரே குடும்பம்' என்பது அதன் சொல்லாடல். குடும்பத்தில் சங்கம் எதற்கு? சாம்சங் நிறுவனம் தென்கொரியாவில் பல பத்தாண்டுகள் சங்கமே கூடாது என்பதைக் கொள்கையாக வைத்திருந்தது. 2020 மே மாதம் அதன் வாரிசுத் தலைவர் லீ ஜே-யோங் அதற்காக மக்கள் முன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். நான்கே ஆண்டுகளில், 2024 செப்டம்பர் 9 அன்று, சுங்குவார்சத்திரத்தில் அதே நிறுவனத்தின் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சங்க அங்கீகாரம் கேட்டு வெளியே வந்து உட்கார வேண்டியிருந்தது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக் கூடாது, அது எங்கள் வணிகச் சின்னம் என்றது நிர்வாகம். உழைப்பு வேண்டும், ஆனால் உழைப்பவன் வாயில் அந்தப் பேர் வரக் கூடாதாம்! 37 நாள் போராட்டம். 2025 ஜனவரியில் அதே பெயரில் சங்கம் பதிவானது.

அப்படியானால் கம்பெனி ஒரு மடமா? இல்லை. சீருடை, காலை உடற்பயிற்சி, சுவரில் முழக்கம் என்று எல்லா அமைப்புக்கும் ஒரு பண்பாடு உண்டு. நமக்கும் நீலத் துண்டு, ஜெய்பீம், சுவரில் ஒரு படம் உண்டு. இதனால் எதுவும் மடமாகிவிடாது. பண்பாட்டுக்கு ஒரு 'வெளி' இருக்கிறது. அந்தத் தொழிலாளிக்கு வாசலுக்கு வெளியே பந்தல் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, திரும்பிப் போக வீடு இருந்தது. மடத்துக்கு வெளி கிடையாது. கேள்வி கேட்டவன் நோயாளி, விலகியவன் துரோகி, வெளியே இருப்பவன் எல்லாம் எதிரி.

தோழர்களே, விடுதலை பேசுகிற அமைப்பு மடமாகாது என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஜிம் ஜோன்ஸ் அமெரிக்காவில் நிறவெறிக்கு எதிராகப் பேசித்தான் ஆள் சேர்த்தான். 1978 நவம்பர் 18 அன்று கயானா காட்டில் அவன் சொல்லுக்காக 900க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பு மக்கள், முந்நூறு பேருக்கு மேல் சிறுவர்கள். கடைசி நேரத்தில் கிறிஸ்டின் மில்லர் என்ற கறுப்புப் பெண் எழுந்து, வேறு வழி இல்லையா, குழந்தைகள் வாழட்டுமே என்று கேட்டார். அன்றைய ஒலிநாடா இன்றும் இருக்கிறது. கூட்டமே அவரைக் கத்தி அடக்கியது.

இப்போது கோஹனின் மூன்று மறுப்புகளை நம் பக்கம் திருப்புங்கள். ஒரு பெண் தோழர் புகார் சொன்னால், 'அண்ணன் அப்படிச் செய்யமாட்டாரு.' வசூல் கணக்குக் கேட்டால், 'அது கணக்குக் கேக்கிறதில்ல, தலைமை மேல சந்தேகம்.' அருந்ததியர் தோழர் தன் மக்களுக்கான 2009ஆம் ஆண்டின் 3 சதவீத உள் ஒதுக்கீடு பற்றிப் பேசினால், 'இப்ப எதுக்கு இது? எதிரிக்குத்தான் லாபம்.' ஊர்க்காரன் பேச்சுக்கும் நம் பேச்சுக்கும் என்ன வித்தியாசம்?

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில் போய் முடியும் என்று எச்சரித்தார். அதே உரையில் பௌத்தப் பிக்குகளின் சங்கங்களில் தீர்மானம் கொண்டுவர, வாக்கெடுக்க, குறைந்தபட்ச வருகையைக் கணக்கிட விதிகள் இருந்ததையும் எடுத்துச் சொன்னார். பக்திக்கு மாற்று அங்கேயே இருக்கிறது. புத்தர் தனக்கு வாரிசு வைக்கவில்லை, தம்மத்தையே விட்டுப் போனார்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த அமைப்பில் சேரும் முன்பும் தலைவரின் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். அங்கே கூட்டக் குறிப்பேடு இருக்கிறதா, கணக்கு வாசிக்கப்படுகிறதா, சென்ற ஆண்டு விலகியவரைப் பற்றி எந்தச் சொல்லில் பேசுகிறார்கள் என்று பாருங்கள். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து "ஏன்?" என்று கேட்கும்போது அவரைக் கத்தி அடக்குகிறார்களா, நாற்காலியை முன்னே போட்டுப் பேசச் சொல்கிறார்களா? முதலாவது மடம். இரண்டாவதுதான் சங்கம்.